மாடு மேயாத புல்

என் தங்கையின் கணவன் நான்கரை வருடம் கடற்கரைப் பக்கம் போகவில்லை. சாய்ந்தமருதில் இருந்துகொண்டு அப்படி இருப்பது லேசான காரியம் இல்லை. எந்த ஒழுங்கையில், எந்தச் சந்தில் நுழைந்தாலும் கிழக்கு முடிவில் கடல் தெரியும். காற்று மாறினால் வீட்டுக்குள்ளேயே இரைச்சல் கேட்கும். அவன் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டே சந்தைக்குப் போய் வந்தான். மீன் வெட்டும் பக்கத்தால் போகாமல் சுற்றிப் போவான்.

அதற்கு முன்பு அவன் சொந்த போட் வைத்திருந்த கடல் தொழிலாளி. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை போட் போனது, வீடு போனது, ஆறு வயது மூத்த மகள் போனாள். தங்கை அன்று கைக்குழந்தையோடு நிந்தவூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள். அதனால் அவளும் சின்னவனும் மிஞ்சினார்கள். நான் அப்போது பொலன்னறுவையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். வந்த கையோடு மையித்து, செத்தவர்களின் உடல், தூக்கும் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். பிள்ளை எப்படிப் போனாள் என்று மச்சானிடம் நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு கேட்கலாம் என்ற காலம் வந்தபோது, கேட்கும் நேரம் கடந்துவிட்டது போலிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு நித்திரை வராது. புத்தளத்தில் உப்பு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன், லொறியில் கிளீனராகப் போயிருக்கிறேன், அறுவடை எங்கே நடக்கிறதோ அங்கே அரிவாளோடு போயிருக்கிறேன். கல்யாணம் செய்துவைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. ஊருக்கு வந்தால் தங்கை வீட்டில்தான் படுப்பேன்.

வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிக்கொடுத்த சுனாமி வீடு அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பவன். ஆகவே அந்த வீட்டில் கடைசிச் சொல் தங்கையுடையது. மச்சான் அந்த வருடங்களில் மேசன்மாருக்குக் கையாளாக நின்றான். வீடு கட்டும் வேலை ஓயாமல் இருந்தது. வடக்கில் யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திய பிறகு, உதவி நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கட்டுகிற வேலையும் அவற்றோடு போனது. மச்சான் வீட்டில் இருக்கத் தொடங்கினான். அவனுடைய அண்ணன், மூத்த காக்கா, புது போட் ஒன்றுக்குத் தண்டலாக இருந்தார். போட்டை ஓட்டிப் போகிறவரைத் தண்டல் என்போம். ஆள் குறைகிறது, தம்பியை அனுப்பு என்று தங்கைக்கு மூன்று தரம் சொல்லியனுப்பினார்.

ஒரு காலையில் தங்கை கேத்தலை அடுப்பில் வைத்தபடி சொன்னாள்.

“நோன்பு பிறக்கிறதுக்குள்ள ஒரு தொழிலுக்குப் போகணும். இல்லாட்டி உங்கட காக்காட போட்டுல ஏறுங்க. ரெண்டும் ஏலாதெண்டா நான் சவூதிக்குப் போறன். பாஸ்போட்டுக்குக் குடுத்திரிக்கன்.”

மச்சான் நிலத்தைப் பார்த்தான். “சின்னவன யாரு பாக்கிற?”

“நீங்கதான் வீட்டில இரிக்கீங்களே. பாருங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படிப் போன பெண்கள் நான்கு பேர். ஒருத்தி பெட்டியில் திரும்பி வந்தாள்.

பின்னேரம் மச்சான் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். “மச்சான், நீ ஊரெல்லாம் சுத்தினவன். எனக்கு ஒரு காடு பாத்துத் தா. குளமும் காடும் சேர்ந்த இடம். மீன் எண்டா மீன், இறைச்சி எண்டா இறைச்சி. கடலை மட்டும் கேக்காத.”

காடு பார்ப்பது என்றால் எங்கள் பக்கத்தில் வேட்டைக்கு முன்னால் ஓர் ஆள் போய் வழி, தண்ணீர், தடம், காற்று எல்லாம் பார்த்து வருவது. யுத்த காலத்தில் அது விட்டுப்போன பழக்கம். அக்கரைப்பற்றைத் தாண்டி மேற்கே வட்டைகள், அதாவது வயல்வெளிகள், முடிகிற இடத்தில் ஒரு குளமும் அதைச் சுற்றி வனசீவராசிகளுக்கென்று ஒதுக்கின காடும் இருக்கின்றன. ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துத் துவக்குகளுக்கும், அதாவது துப்பாக்கிகளுக்கும், பயந்து இருபது வருடமாக எங்கள் ஆட்கள் அதற்குள் விறகுக்குக்கூடப் போனதில்லை. போன சிலர் திரும்பவில்லை. இப்போது பாதை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

காட்டு வாயிலில் மூன்று பாஷையிலும் எழுதிய ஒரு பலகை நின்றது. வேட்டையாடுவது குற்றம் என்று எழுதியிருந்தது. பலகையில் துவக்குச் சன்னம் பாய்ந்த ஓட்டைகள் இருந்ததால் தமிழில் பாதி எழுத்து இல்லை. ஆனால் எனக்கு அது விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

குளக்கட்டில் ஒரு பெண் மாடுகளைத் தண்ணீருக்கு இறக்கிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். திரும்பி வந்து குடியேறிய தமிழ்க் கிராமத்துக்காரர். என் தொப்பியையும் சைக்கிளையும் பார்த்தார்.

“என்ன தம்பி, கடலுக்குள்ள மீன் முடிஞ்சி போச்சா உங்களுக்கு?”

“கடல் சரியில்லக்கா. காடு பாக்க வந்த.”

“காடு பாக்கவா? காடு உங்களப் பாக்காமலிருந்தாச் சரி.” சிரித்துவிட்டு, கம்பால் மேற்கே காட்டினார். “அங்கால பழைய முகாம் இருந்த. அதச் சுத்தி எவனெவன் எங்கெங்க மிதிவெடி தாட்டானோ தெரியாது. எனக்கு ரெண்டு கறவ மாடு போச்சி. மாடு போன வழியால போ. சாணி கிடக்கிற இடத்தில காலை வை. ஆனை இலத்தி கிடந்தா இன்னும் நல்லம், அதட பாரத்துக்கு வெடிக்காதது உனக்கு வெடிக்காது. மாடு மேயாத புல்லு எங்க கிடக்கோ, அதுக்குள்ள போகாத. அவ்வளவுதான் காட்டுப் படிப்பு.”

“குளத்தில வலை போடலாமாக்கா?”

“போட்டுப் பாரன், மீன்பிடிச் சங்கத்துப் பொடியன்மார் வந்து வலையோட உன்னையும் சுருட்டிக்கொண்டு போவானுகள். குளத்து மீன் குளத்தடி ஆக்களுக்கு. கறிக்கு ரெண்டு தூண்டில் போடு, யாரும் கேக்க மாட்டாங்க.”

ஆக, மீன் தொழில் அங்கே இல்லை என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. மிஞ்சியது இறைச்சி.

அன்று முழுவதும் சாணி பார்த்து நடந்தேன். குனிந்தபடி நடந்து பிடரி வலித்தது. காய்ந்த சாணி, பச்சைச் சாணி, அதற்குள் முளைத்த புல், யானை இலத்தியைக் கிளறிய மயில்களின் கால்தடம். ஆனி மாத வெயிலுக்குக் குளம் பாதியாகச் சுருங்கியிருந்தது. சேற்று விளிம்பு முழுவதும் மான் குளம்புகள் பதிந்திருந்தன. பன்றி கிளறிய இடங்கள் இன்னும் அதிகம், ஆனால் அது எங்களுக்கு உதவாத கணக்கு. காற்று பின்னேரத்தில் குளத்திலிருந்து காட்டுப் பக்கம் அடித்தது. சாணித் தடம் ஒரு மருத மரத்தைச் சுற்றி, பழைய முகாம் மேட்டைத் தொட்டும் தொடாமலும் போய்த் தண்ணீரில் இறங்கியது. மேட்டின் இந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் இலுக்குப் புல் இடுப்பளவு நின்றது. சுற்றிலும் வேர் தெரிய மேய்ந்து கிடக்கிற கோடையில், அந்தத் துண்டில் மட்டும் ஒரு வாயும் படவில்லை. நான் நின்று நல்லாகப் பார்த்தேன். தடத்தின் விளிம்பில் கொப்புகளை முறித்துப் போட்டு அடையாளம் வைத்தேன். வைத்துவிட்டு, என் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்து விளிம்பில் அவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு தூண்டிலைப் போட்டு இரண்டு விரால் பிடித்தான். மீனைக் கொளுக்கியிலிருந்து கழற்றும்போது அவன் விரல்கள் செய்த வேகத்தை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கவில்லை. ஒரு பன்றி குட்டிகளோடு எங்களுக்கு முன்னாலேயே நிதானமாகக் கடந்து போனது.

“பன்னிக்கு நம்மளக் கண்டு பயமே இல்ல மச்சான்,” என்றான்.

“முஸ்லிம் எண்டு மணத்தில புடிக்கும்.”

அவன் சிரித்தான். அன்று இரவு தங்கையிடம் நானே சொன்னேன், காடு சரி, வழி சுத்தம், ஆள் தேறிவிடுவான் என்று. அண்ணனை நானா என்று கூப்பிடுகிறவள் அவள். “மெய்தானா நானா?” என்று இரண்டு தரம் கேட்டாள். ஓம் என்றேன்.

எங்கள் ஆட்களின் வேட்டைக்கு ஒரு தனி அவசரம் உண்டு. வெடிபட்டு விழுந்த மிருகம் உயிரோடு இருக்கும்போதே ஓடிப்போய், அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். கத்தி போய்ச் சேருமுன் மூச்சு நின்றால் அது செத்தது. அதை நாங்கள் தின்பதில்லை, விற்பதுமில்லை. அதனால் சுடுகிறவனை விட ஓடுகிறவன் முக்கியம். அவனைக் கத்திக்காரன் என்போம். வெடிச் சத்தம் காதில் விழும்போதே அவன் எழும்பி ஓடத் தொடங்கியிருப்பான். யோசிக்கிறவனை அந்த வேலைக்கு எடுப்பதில்லை. கத்திக்கு நான் என்று மச்சானே சொன்னான். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்கள். நானும் சரி என்றேன்.

துவக்குக்காரர் நிந்தவூர் ஆள். வெள்ளாமைக் காவலுக்கென்று அனுமதி வாங்கிய பழைய துவக்கு அவரிடம் இருந்தது. தொந்தியும் வாயும் உள்ள மனிதர். வயதுக்கு மூத்தவர் என்று நாங்கள் அவரையும் காக்கா என்போம்.

“புடிபட்டா என்ன காக்கா சொல்ற?” என்று கேட்டேன்.

“வெள்ளாமைக்குள்ள வந்த மான் எண்டு சொல்லுவன்.”

“வெள்ளாமை எட்டு மைலுக்கு அங்கால கிடக்கு.”

“மான் ஓடாதாடா? வெடிபட்ட மான் கொழும்புக்கும் போகும்.”

போகிற வழியில் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். சாணி கிடக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும், முறித்த கொப்புக்கு அங்கால் போகக் கூடாது. உயர்ந்த புல்லைக் கையால் காட்டினேன். மச்சான் “ஓம், ஓம்” என்றான். காக்கா, “நான் எங்க ஓடப்போறன், என்ட வயித்தைப் பாரு,” என்றார்.

மருத மரத்தடியில் குந்தினோம். பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் கடந்து மான்கள் இறங்கின. ஏழெட்டு. காக்கா நன்றாகத்தான் குறி வைத்தார். வெடித்ததும் ஒரு கொம்பன் மான் பின்னங்கால் இழுபட, தண்ணீர்ப் பக்கம் ஓடாமல் மேட்டுப் பக்கம் ஓடியது. நேராக அந்த உயர்ந்த புல்லுக்குள் போய் விழுந்தது.

காட்டில் நடக்கிறவனுக்கு நான் வழி பார்த்திருந்தேன். ஓடுகிறவனுக்குப் பார்க்கவில்லை. கத்திக்காரன் தன் வழியால் ஓடுவதில்லை, மிருகம் ஓடிய வழியால் ஓடுகிறான். சின்ன வயதிலிருந்து இதை அறிந்த எனக்கு, அந்தப் புல்லின் முன்னால் நின்ற நாளில் இது நினைவுக்கு வரவில்லை.

மச்சான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். காக்கா பின்னால் நின்று, “ஓடு! ஓடு! உசிர் கிடக்கு!” என்று கத்தினார். நான் பக்கவாட்டால் பாய்ந்து, கொப்பு முறித்த இடத்தில் அவன் இடுப்பைப் பிடித்தேன். இருவரும் விழுந்தோம். கத்தி என் முழங்கைக்குக் கீழே கீறிக்கொண்டு போனது. அவன் எழும்பினான், நான் காலைப் பிடித்தேன். மறுபடி விழுந்தான்.

“விடு மச்சான்! உசிர் கிடக்கு, விடு!”

“புல்லப் பாரு! புல்லப் பாரு மச்சான்!”

அப்போதுதான் காக்காவுக்கு உறைத்தது. கத்துவதை நிறுத்தினார். துவக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரும் மச்சானின் தோள்களைப் பிடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அடங்காத பலம் அவனுக்கு வந்திருந்தது. புல்லுக்கு மேலே கொம்பு எழும்பியது, சாய்ந்தது, மறுபடி எழும்பியது. அது மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கிட்டத்தான். ஒரு வீட்டு வளவின் நீளம்கூட இல்லை.

“அண்டைக்கும் இப்பிடித்தான் புடிச்சானுகள்,” என்றான் மச்சான். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான். “ரெண்டு பேர். இடுப்பில ஒருத்தன், கழுத்தில ஒருத்தன். புள்ள ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு வாப்பா எண்டு கூப்பிடுறா. விடச் சொல்லிக் கெஞ்சினன். விடல்ல.”

நான் பிடியை விடவில்லை. காக்காவும் விடவில்லை.

பிறகு விளங்கிக்கொண்டதை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன். முதல் அலை அவனை அள்ளிக்கொண்டுபோய் ஒரு மாடி வீட்டுப் படிக்கட்டில் எறிந்திருக்கிறது. மகள் ஒழுங்கைக்கு எதிர்ப்புறத்தில் அயல் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவன் இறங்கப் போனபோது, மாடியில் நின்ற இரண்டு பேர் இரண்டாவது அலை வருவதைக் கண்டு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அவனைக் காப்பாற்றினார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன். பிடித்துக்கொண்டுதானே இருந்தேன்.

கொம்பு நான்காவது தரம் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் இலையான்கள் வந்து மொய்த்துவிட்டன.

“மவுத்தாப் போச்சி,” என்றார் காக்கா. “இனி அது ஹறாம். விடுங்க, போவம்.”

மச்சான் கத்தியை இலையில் துடைத்தான். அதில் இருந்தது என் இரத்தம் மட்டும்தான். தடத்தில் அவன் முன்னால் நடந்தான். ஒவ்வொரு சாணியையும் பார்த்துப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே கால் வைத்து நடந்தான். அக்கரைப்பற்றில் தேத்தண்ணி குடிக்க நின்றபோது காக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். “இவன இனிக் காட்டுக்குக் கூட்டி வராத. நானும் வர மாட்டன்,” என்றார். தங்கை என் கையைக் கழுவிவிட்டபோது, முள்ளுக்கம்பியில் கீறியது என்றேன். அவள் கம்பிக் காயத்தையும் கத்திக் காயத்தையும் பிரித்தறியாதவள் இல்லை. துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஐந்து நாள் அவன் யாரோடும் கதைக்கவில்லை. ஆறாம் நாள் நான் எழும்பியபோது என் சைக்கிள் இல்லை.

எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய், அங்கிருந்து ஒரு ட்ரக்டரில் தொற்றிக்கொண்டு, மிச்சத்தை நடந்தேன். குளக்கட்டில் அந்தப் பெண் நின்றார்.

“உங்கட ஆள் வெள்ளண போனவர் தம்பி. கூப்பிட்டன், கிறுகியும் பாக்கல்ல.”

“சத்தம் ஏதும் கேட்டதாக்கா?”

“இல்ல. அதுக்குத்தான் நானும் காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன்.”

நான் ஓடவில்லை. சாணி பார்த்து நடந்தேன். அந்த நடையில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், தங்கையிடம் சொன்ன “வழி சுத்தம்” என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவன் மருத மரத்தடியில் குந்தியிருந்தான். இரண்டு காலும் இருந்தன. சாரன் முழுக்க இலுக்குப் பூ ஒட்டியிருந்தது. நானும் பக்கத்தில் குந்தினேன். உயர்ந்த புல்லுக்குள் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. போன கோடு ஒன்று, வந்த கோடு வேறொன்று. வந்த வழியிலேயே திரும்பக்கூட இல்லை.

“நாப்பது எட்டு வச்சன்,” என்றான். “எண்ணிக்கிட்டுப் போனன். மானுக்குக் கிட்டப் போய் நிண்டன். எலும்புதான் கிடக்கு. மறுகா வந்திட்டன்.”

“அல்லாஹ் காப்பாத்தினான் மச்சான்.”

“ஒண்டுமில்ல அதுக்குள்ள. வெறும் புல்லு.” என்னைப் பார்க்காமல் சொன்னான். “நீ விட்டிருந்தா அறுத்திருப்பன். அண்டைக்குப் புள்ளக்கிட்டப் போறதுக்கு இருவது எட்டும் இல்ல.”

 சைக்கிளை அவன் மிதித்தான், நான் பின்னால் இருந்து வந்தேன்.

நோன்புக்கு ஒரு கிழமைக்கு முன்னால் அவன் தன் காக்காவின் போட்டில் ஏறினான். யாரும் வற்புறுத்தவில்லை. காலையில் எழும்பி, கிழக்குப் பக்கமாக நடந்து போனான், அவ்வளவுதான். தங்கை பாஸ்போட்டை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். “காட்டுக்குப் போய் வந்து ஆளுக்குப் பயம் தெளிஞ்சி போச்சி நானா. உன்னாலதான்,” என்று எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள். நான் தின்றேன். அவன் பயம் தெளிந்து போகவில்லை என்று எனக்குத் தெரியும். கடல் இனி அவனிடமிருந்து எடுக்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி அவன் போய் வந்தான். உயிர்காக்கும் சட்டையைப் போடச் சொல்லி அவன் காக்கா கத்துவார். அதை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு போவான்.

மாரி கழிந்த பிறகு, குளத்துப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் வந்தார்கள். பற்றை வெட்ட ஊராட்களை எடுத்தார்கள். எனக்கு எந்த வேலையும் ஒன்றுதான், சேர்ந்தேன். அவர்கள் வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டி, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது வேலை. மேட்டைச் சுற்றிச் சிவப்புக் கட்டை அடித்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு நாள் அந்த இலுக்குத் துண்டுக்கு வந்தார்கள். நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். தடத்திலிருந்து மான் எலும்பு கிடந்த இடத்துக்குப் போகிற வழியில் இரண்டு மிதிவெடி எடுத்தார்கள். எலும்புக்குப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு கோப்பை அளவுதான், மழையில் நிறம் போயிருந்தது. புல்லில் அவன் போட்ட கோடுகளை நான் மறக்கவில்லை. ஒரு கோடு முதலாவது வெடிக்கு இந்தப் பக்கத்தால் போயிருக்கிறது. ஒரு சாண் இருக்கும்.

அன்றே லீவு கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் நேரே கடற்கரைக்கு நடந்தேன். இதை அவன் அறிய வேண்டும் என்று நினைத்தேன். நான் பிடித்தது சரிதான் என்று நிரூபிக்க அல்ல. நான் பிடித்தது சரி என்றால், அன்று மாடியில் அவர்கள் பிடித்ததும் சரி என்றாகும். அப்படியாவது அவன் கொஞ்சம் நித்திரை கொள்வான் என்று நம்பினேன். வழியெல்லாம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று யோசித்தேன்.

அவன் மீன் வாடிக் கொட்டிலின் நிழலில் இருந்து, கிழிந்த வலையைக் காலில் கொளுவிப் பின்னிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்திச் சொன்னேன். இரண்டு, பிறகு ஒன்று, இன்ன இன்ன இடத்தில் என்று சொன்னேன். என் கண்ணால் கண்டேன் என்றேன். அவன் ஊசியை நிறுத்தாமல் கேட்டான். கேட்டு முடிந்து இரண்டு மூன்று கண்ணி பின்னினான்.

“நான் நடந்தன்தானே,” என்றான்.

“மச்சான், ஒரு சாண் பிழைச்சிருந்தா...”

“அது கிடந்தும் நடந்தன். போனன், வந்தன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். “முதல்ல நினைச்சன், வெறும் புல்லுதானே, அதால வந்திட்டன் எண்டு. இப்ப நீ சொல்றாய், வெறும் புல் இல்ல எண்டு. அப்ப தண்ணிக்குள்ளாலயும் வந்திருப்பன் மச்சான். அவளையும் தூக்கிக்கிட்டு வந்திருப்பன்.”

 சொல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் நடையிலும் வந்தபோது, இப்படியும் ஒரு கணக்கு வரும் என்று என் எட்டாம் வகுப்புப் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் குளத்தடியிலேயே நின்றிருப்பேன்.

கரையிலிருந்து அவன் காக்கா கூப்பிட்டார். “வாங்கடா, பேச்சு மறுகா பேசலாம், போட்டைத் தள்ளணும்!” மச்சான் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினான். தள்ள ஆள் குறைவாக இருந்தது. நானும் போய் போட்டின் முன்பக்க அணியத்தில் தோளைக் கொடுத்தேன். மூன்றாவது தள்ளலில் போட் தண்ணீரில் ஏறியது. அவன் கடைசியாக ஏறினான்.